பிளம்பர் பில்லில் எழுதாத ஒரு வரி



சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓடிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். “வந்து பார்க்க மட்டுமே 300 ரூபாயா?” என்று ஒருவர் கேட்டார். “வாஷர் மாற்ற கால் மணி நேரம்கூட ஆகவில்லை, 400 வாங்கிவிட்டார்” என்றார் இன்னொருவர். பிளம்பர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று பேச்சு முடிந்தது. அந்தப் பேச்சில் நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டு வந்தவன்தான். அடுத்த வாரமே என் வீட்டு கீஸர் வேலை செய்யாமல் நின்றது.

வந்த தம்பி கீஸரைக் கழற்றி, உள்ளே இருந்த காயிலை எடுத்துக் காட்டினார். விரல் பருமன் இருக்க வேண்டிய காயில் முழங்கை எலும்புபோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. தரையில் தட்டியதும் ஒரு கைப்பிடி வெள்ளைச் செதில் உதிர்ந்தது. பில் இப்படி வந்தது: காயில் 600, மெக்னீசியம் ராடு 250, கேஸ்கெட் 50, அரித்துப்போன ஆங்கிள் காக் 350, கூலி 500. மொத்தம் 1,750 ரூபாய். பழக்கதோஷத்தில், “கூலியைக் கொஞ்சம் குறைச்சுக்கப்பா” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், கூலியை நான் குறைக்கிறேன். தண்ணியை யார் சார் குறைப்பாங்க?” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

சணலும் ஈயமும்

பிளம்பர் என்ற சொல்லே ஈயத்திலிருந்து வந்தது. லத்தீனில் ஈயத்துக்கு ‘பிளம்பம்’ என்று பெயர். ரோமாபுரியில் ஈயக் குழாய்களில் தண்ணீர் ஓடிய காலத்தில், ஈயம் உருக்கி வேலை செய்தவருக்கு வந்த பெயர் இரண்டாயிரம் வருடம் கடந்து நம் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்திருக்கிறது.

நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் குழாய் என்றால் நெடுங்காலம் ஜிஐ பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஐம்பது வயது தாண்டியவர்கள் அந்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். பிளம்பர் தனியாக வரமாட்டார், உதவிக்கு ஒரு ஆள் கூட வருவார். 20 அடி பைப்பை வைஸில் பூட்டி, ரம்பத்தால் அறுத்து, டை வைத்து இருவரும் சுற்றிச் சுற்றி மரை போடுவார்கள். மரையில் சணலைச் சுற்றி வெள்ளை ஈயப் பசையைத் தடவி முறுக்குவார்கள். நடுவில் ஒரு எல்போ போனால் அதை மட்டும் கழற்ற முடியாது. பக்கத்து யூனியனிலிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். சுவருக்குள் போன பைப் என்றால் கொத்தனாரும் வேண்டும். ஒரு ஒழுகலுக்கு இரண்டு பேர், ஒரு நாள் கூலி.

1990களின் இறுதியில் சிபிவிசி குழாய் இந்தியாவுக்கு வந்தது. வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் இது. அறுத்து, பசை தடவி, செருகிச் சற்று நேரம் பிடித்தால் போதும், மரை வேண்டாம், இரண்டாவது ஆளும் வேண்டாம். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. நாம் கூலி கொடுக்கும் நேரம் குறைந்துவிட்டது. “கால் மணி நேரத்துக்கு 400 ரூபாயா?” என்று நம்மைக் கேட்க வைப்பதும் அந்தச் சுருக்கம்தான். அவர் இங்கே வந்து சேரவும், பொருள் வாங்கக் கடைக்குப் போய்வரவும் ஆகும் நேரம் மட்டும் சுருங்கவில்லை.

அப்படியானால் நம் செலவு குறைந்திருக்க வேண்டும். ஏன் குறையவில்லை? என் பில்லையே திரும்பப் பாருங்கள். 1,750 ரூபாயில் கூலி 500, மீதி 1,250 பொருளுக்கு. அந்தப் பொருள்களைத் தின்றது தண்ணீர்.

பாறை தந்தது, மனிதன் சேர்த்தது

எல்லாப் பழியையும் டேனரிகள் தலையில் போடுவது நியாயம் இல்லை. பாலாற்றுப் பக்கம் கடும்பாறை பூமி. பாறை இடுக்குகளில் தங்கும் போர் தண்ணீர் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். சூடானதும் அவை பிரிந்து காயிலில் படியும். என் கீஸரில் உதிர்ந்தது பெரும்பாலும் அதுதான்.

ஆனால் ஆங்கிள் காக்கை அரித்தது வேறு. அது குளோரைடின் வேலை, அதாவது உப்பின் வேலை. குளோரைடு அதிகமான தண்ணீர் உலோகப் பூச்சை அரிக்கும். ஜிஐ பைப்பில் மரை போட்ட இடத்தில் பூச்சு ஏற்கெனவே அறுபட்டிருக்கும் என்பதால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். பழைய வீடுகளில் காலையில் முதல் குடம் செம்மண் நிறத்தில் வருவது இதனால்தான்.

உப்பு இயற்கையிலும் உண்டு. ஆனால் நம் பகுதியில் மனிதன் சேர்த்த உப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி வளர்ந்த தொழில் தோல். அழுகாமல் இருக்கப் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு அத்தனையும் கழிவுநீரில் போகும்.

முன்பு ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் பதனிட்டார்கள். 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் ஷூவாகவும் விற்றால் நாட்டுக்கு வருமானம் கூடும், வேலை பெருகும் என்பது நோக்கம். இரண்டும் நடந்தன. நம்மில் பலருடைய சம்பளமும், இந்த பிளாட்டுக்குக் கட்டும் கடன் தவணையும் அந்தத் தொழிலிலிருந்து வருவதுதான். கூடவே குரோம் முறை பரவியது, ரசாயனமும் கழிவுநீரும் பெருகின. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் என்றும், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

வேலூரில் ஒரு சங்கம் போட்ட வழக்கு

அந்தத் தீர்ப்பைப் பற்றி நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்குப் போட்டது அரசு அல்ல, அரசியல் கட்சியும் அல்ல. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற பொதுமக்கள் சங்கம். பெயரைப் பாருங்கள், நம் அசோசியேஷன் பெயரிலும் பாதி அதுதான். டேனரிக் கழிவால் குடிநீரும் நிலமும் கெடுகின்றன என்று 1991இல் அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்காக வாதாடியவர் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் நடக்கும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிட லாயக்கற்றுப் போனது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வை அது எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இயங்கக் கூடாது என்றது. இந்த வழக்குகளைக் கவனிக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் கேட்டுக்கொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரியது அது உறுதிப்படுத்திய கொள்கை: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவும் அவரைச் சேர்ந்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கும் வழக்கு இது. அதன் பெயர் நம் ஊரில்தான் தொடங்குகிறது.

செலவை யார் ஏற்றார்கள்?

தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், அவர்களுக்குச் சேர வேண்டியது சுமார் 26.82 கோடி ரூபாய். அதுவும் 1998 வரையிலான பாதிப்புக்கு மட்டும். சராசரி போட்டால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. அதற்குப் பிறகும் மாசு நிற்கவில்லை என்று வழக்கு தொடர்ந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு தந்தது. பாக்கி உள்ள இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், சுற்றுச்சூழல் பழைய நிலைக்குத் திரும்பும் வரை அவர்களின் பொறுப்பு தொடரும் என்றது. 1991இல் தொடங்கியது 2025இலும் முடியவில்லை. நடுவே 34 வருடம்.

இந்தக் கணக்கில் நிலமும் விவசாயியும் இருக்கிறார்கள், அதுதான் நியாயம். அவர்கள் இழந்தது வாழ்வாதாரம், நாம் இழப்பது ஆங்கிள் காக். ஆனால் வீட்டுக்கு வீடு உப்புத் தண்ணீருக்காக ஆகும் சில்லறைச் செலவை யாரும் கணக்கெடுக்கவில்லை. குடிக்க ஆர்ஓ மெஷின், அதற்கு ஃபில்டர், அடைத்துப்போன ஷவர், தேய்ந்த ஃப்ளஷ் வால்வு, மாதாமாதம் டேங்கர். பாலாற்றங்கரையில் இருக்கும் நமக்கு மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருக்கிறதே, அதுவும் இந்தச் செலவில் சேர்ந்ததுதான். மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அது தவணை தவணையாக பிளம்பர் பில் வழியாக நம்மிடம் வருகிறது. அதைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆளைத்தான் நாம் கொள்ளைக்காரர் என்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த பொதுக்குழுவில் இவற்றைப் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், நம் போர் தண்ணீரையும் சம்ப் தண்ணீரையும் வருடம் இருமுறை பரிசோதித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். குடிநீருக்கான இந்தியத் தரப்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கு இதே கணக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1,000. நம் எண் தெரிந்தால் எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று பிளம்பரே சொல்லிவிடுவார்.

இரண்டாவது, கீஸரை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறப் படிவு கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்து, ஆறவைத்து, தொட்டியை வடித்துவிடுங்கள். மெக்னீசியம் ராடை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காகவே வைத்த பொருள் அது. 250 ரூபாய் ராடு போனால் பரவாயில்லை, தொட்டி போனால் புது கீஸர்தான்.

மூன்றாவது, சாஃப்ட்னர் போடலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். படிவு குறையும், உண்மைதான். ஆனால் அது வேலை செய்வதே உப்பால். அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடும். டேனரியைக் குறை சொல்லிவிட்டு நாமும் பாலாற்றுக்கு உப்பு அனுப்பலாமா என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுப்போம்.

நான்காவது, வழக்கமாக வரும் பிளம்பர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு கட்டணப் பட்டியல் எழுதுவோம். வந்து பார்க்க இவ்வளவு, சிறு வேலைக்கு இவ்வளவு, அரை நாளுக்கு இவ்வளவு. கூலியும் பொருளும் தனித்தனியாக பில்லில் வரட்டும். பொருளைக் கடை ரசீதோடு கேட்பதில் தவறில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லிருந்து இருக்கிறது, பிளம்பர்களும் அதில் பதிவு செய்யலாம். நம்மிடம் வருபவர் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால், விண்ணப்பம் நிரப்ப நம் அலுவலகக் கணினி இருக்கிறது.

கடைசியாக என் பில்லுக்கு வருகிறேன். கூலியைக் குறைக்காமல் 1,750 ரூபாயையும் கொடுத்துவிட்டேன். உதிர்ந்த வெள்ளைச் செதிலைக் கொட்டாமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அசோசியேஷன் அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன். மெயின்டனன்ஸ் கட்ட வரும்போது ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பில்லில் எழுதாத வரி அதில் இருக்கிறது.