ராஜபாளையம் நாயும் கேளாச் செவியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த நிலங்களைச் சுற்றி வந்த ஒரு கோடைப் பயணத்தில், குமாரலிங்கபுரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் வெள்ளை நாய் ஒன்று படுத்திருக்கக் கண்டோம். நெடிய கால்கள், ஒடுங்கிய இடுப்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்நியர் நால்வர் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தும் அது தலை தூக்கவில்லை. நம் நிழல் மேலே விழுந்த பிறகுதான் துள்ளியெழுந்து பல்லைக் காட்டியது. வீட்டுப் பெரியவர் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி, "அதுக்குக் காது கேக்காதுய்யா. ஜாதி நாயில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

காவலுக்கென்று வாங்கிய நாய்க்குக் காது கேளாதது அவருக்குக் குறையாகவே படவில்லை. உயர்ந்த பிறப்பின் அடையாளங்களுள் ஒன்றாக அதையும் ஏற்றுக்கொண்டிருந்தார். 'அப்படித்தான்' என்ற அந்தச் சொல் நம்மை விடவில்லை. இது இயற்கை விதித்ததா, மனிதர் விளைவித்ததா? விடை தேடினால் நாய்களின் வரலாற்றினூடாக 'ஜாதி' என்ற சொல்லின் வரலாற்றுக்கும் போக வேண்டியிருக்கிறது.

தமிழ் நிலத்தில் நாயின் புகழ் பழமையானது. சங்கப் பாடல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் வேட்டை நாய் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. வீரனுக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்தது அது செய்த வேலைக்காக. அதன் நிறம் என்ன, தாய் தந்தை யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

இந்த வேலைக் கணக்குதான் நெடுங்காலம் நம் நாய்களை வடிவமைத்தது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே மலையடிவாரத்தில் ராஜபாளையம், கரிசல் காட்டில் சிப்பிப்பாறை, அதனோடு பிரித்தறிய முடியாதபடி உறவு கொண்ட கன்னி, தேனிப் பக்கம் கோம்பை. முயலைத் துரத்தவும் பன்றியை மடக்கவும் தொழுவத்தைக் காக்கவும் இவை வளர்க்கப்பட்டன. கூழும் மோரும் குடித்து வெயிலில் ஓடத் தெரியாத நாய் குட்டி போடும் நிலைக்கு வந்ததே அரிது. யாரும் மரபியல் படித்திருக்கவில்லை. ஆனால் முயலைக் காணாத கண்ணும் திருடனைக் கேளாத காதும் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் காடே பார்த்துக்கொண்டது. கரிசல் மக்களிடம் நாயின் நிறங்களுக்குச் செவலை, மயிலை, பருக்கி, பிள்ளை, கன்னி, பால்கன்னி என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இத்தனை பெயர்கள் வழங்கின என்பதே இத்தனை நிறங்களும் வளர்க்கப்பட்டன என்பதற்குச் சான்று.

பிறப்பைக் கொண்டு நாயை மதிக்கும் வழக்கம் இன்றைய வடிவில் உருவானது விக்டோரியா காலத்து இங்கிலாந்தில். 1859இல் நியூகாசில் நகரில் நாய்களுக்கான முதல் முறையான கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. ஒவ்வோர் இனத்துக்கும் வம்சப் பதிவேடு ஏற்பட்டது. பதிவான நாய்களின் வழிவந்தவையே அந்த இனம் என்று நாளடைவில் வரையறுக்கப்பட்டது. மேய்ச்சல் வெளியிலும் வேட்டைக் காட்டிலும் நடந்த தேர்வு கண்காட்சி மேடைக்கு இடம் மாறிற்று. நடுவர் கண்ணால் பார்க்கக்கூடியவை நிறமும் காதின் மடிப்பும் முகத்தின் நீளமும்தான். இதயத்தையும் உட்செவியையும் அவர் பார்ப்பதற்கில்லை.

மூடிய பதிவேட்டின் விளைவு மெதுவாகவே தெரியவரும். உடன்பிறந்த இரு நாய்களுக்குப் பிறக்கும் குட்டியில், ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஒற்றைப் பிரதியாக இருந்தவரை அடங்கிக் கிடந்த பழுதுகள், இரண்டு சேரும்போது நோயாகின்றன. பரிசு வென்ற ஓர் ஆண் நாயையே ஊர் முழுக்க நாடினால் அடுத்தடுத்த தலைமுறைகளில் எல்லோரும் உறவினராகிவிடுவர். 2008இல் வெளியான லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வொன்றின்படி, பிரிட்டனில் ஏறத்தாழ 10,000 பக் நாய்கள் இருந்தும் அவற்றின் மரபணு வேறுபாடு சுமார் 50 நாய்களுக்குரியதாகவே இருந்தது. அதே ஆண்டில் பிபிசியின் ஆவணப்படம் ஒன்று இதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 2010இல் பேட்ரிக் பேட்சனின் விசாரணை அறிக்கையும் வெளிவந்தது.

இனி நம் வெள்ளை நாய்க்கு வருவோம். ராஜபாளையம் என்றால் மாசற்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் என்பது சந்தை வகுத்த இலக்கணம். அதே ஈற்றில் புள்ளியோடும் பழுப்பாகவும் குட்டிகள் பிறப்பதுண்டு. அவை 'கலப்பு' என்று கழிக்கப்பட்டன. வெண்மையிலும் வகைகள் உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சாமோயெட் நாயும் வெள்ளைதான். ஆனால் அதன் மூக்கும் கண்ணிமையும் கருப்பு. அங்கே நிறமிச் செல்கள் இருக்கின்றன, மயிரில் நிறம் வெளிறியிருக்கிறது, அவ்வளவே. மூக்கும் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த இடத்தில் நிறமியே இல்லை என்று பொருள்.

கருவில் நிறமிச் செல்கள் முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. சில உட்செவிக்கும் போகின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதன்று. செவித்திரவத்தின் வேதிச் சமநிலையைக் காக்கும் திசுவுக்கு அவை இன்றியமையாதவை. அவை போய்ச் சேராவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களில் அத்திசு நலிகிறது, கேட்கும் செல்கள் மடிகின்றன. மீள வழியில்லை. டால்மேஷியன் இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றுள் ஏறக்குறைய 30 சதவீத நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் வெண்மையும் செவிடும் கைகோத்து வருவதற்கு இதே வழிதான் காரணம் என்று கருத நிறையவே இடமிருக்கிறது.

ஆகவே நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பதுதான் செவிட்டுக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. உறவில்லாத இரு நாய்களைச் சேர்த்தாலும், இரண்டும் அப்பழுக்கற்ற வெண்மைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவையாக இருந்தால், செவிட்டுக் குட்டிகள் பிறக்கக்கூடும். இங்கே நாம் விரும்பித் தேர்ந்த அழகோடு நோயும் ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளுறவுச் சேர்க்கை அதன்மேல் வேறு நோய்களையும் ஏற்றுகிறது.

எண்ணிக்கை சுருங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் பெரிய வீடுகளின் நாய்ப் பட்டிகள் கலைந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. காட்டுயிர்களுக்கு அது தேவையான சட்டம். ஆனால் நாய்களுக்கு அதுவரை நடந்துவந்த தேர்வு அத்தோடு நின்றுபோயிற்று. 1980களில் தமிழக அரசு சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கான பெருக்க மையம் நடத்தத் தொடங்கியது. 2016இல் அதை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005 ஜனவரியில் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் நம் நாயினங்களின் பெயர்கள் ஒலித்தன. நாய்களைப் பதிவுசெய்ய முன்வந்தபோது கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ஏற்ற முதல் மூன்று இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அடங்கும். சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் ஆண்டுக்கணக்கில் எழுதியதன் பயன் இந்தக் கவனம். ஆனால் புகழோடு சந்தையும் வருகிறது. சந்தை கேட்பது அஞ்சல் தலையில் கண்ட வெள்ளை நாயை.

குட்டி நாற்பது நாளில் விற்கப்படுகிறது. செவிட்டுக் குட்டி உடன்பிறந்தவற்றைப் பார்த்து ஓடும், அவை எழுந்தால் எழும். குறை வெளியே தெரியாது. ஒரு காது மட்டும் கேட்பதை வீட்டில் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அத்தகைய நாய்தான் 'நல்ல நாய்' என்று இனவிருத்திக்கும் போகிறது. மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் எளிய சோதனை இதைக் காட்டிவிடும். ஐந்து வாரக் குட்டிக்கே செய்யலாம். மனிதக் குழந்தைகளுக்குச் செய்யும் அதே சோதனைதான்.

திருத்த முடியாதது அல்ல இது. டால்மேஷியன் இனம் முழுவதும் யூரிக் அமிலக் கோளாறு பரவியிருந்தது. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு பாயிண்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனுடனேயே சேர்த்து, அக்கோளாறு இல்லாத வழியை உருவாக்கினார். தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஆயினும் அந்தக் கலப்பு வழியை அமெரிக்கக் கென்னல் கிளப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது 2011இல்தான். 38 ஆண்டுகள் தடுத்து நின்றது தூய்மை பற்றிய அச்சமே. அறிவியலில் தடை ஒன்றும் இருக்கவில்லை. பிறப்பின் தூய்மைக்காக மனிதரையே விலக்கி வைத்த சமூகம் நம்முடையது. அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

விடைபெறும்போது பெரியவரிடம் அந்த ஈற்றின் மற்றக் குட்டிகளைப் பற்றிக் கேட்டோம். "ரெண்டு புள்ளி விழுந்து போச்சுய்யா. ஒருத்தரும் கேக்கல. தோட்டத்துக்குச் சும்மாத்தான் குடுத்தேன்" என்றார். அவற்றுக்குக் காது கேட்கிறதா என்றோம். "அதுகளுக்கென்ன, இலை விழுந்தாக்கூடக் கொரைக்கும்" என்று சிரித்தார்.

ராஜபாளையத்தின் எதிர்காலம் அந்தத் தோட்டத்து நாய்களிடம் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. வம்சப் பதிவேட்டில் அவற்றின் பெயர் இல்லை. எடுத்தனூரில் கல் செதுக்கியவர் அவற்றைத்தான் தேர்ந்திருப்பார்.