விலக்கப்பட்ட மலையும் சிதறிய கல்லும்

ஃபோர்ட் கேனிங்கை மலை என்று சொன்னால் என் மலேசிய நண்பர்கள் சிரிப்பார்கள். உயரம் 50 மீட்டர்கூட இல்லை. தோபி காட் நிலையத்திலிருந்து நடந்தால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். கல்யாண ஜோடிகள் படம் பிடிக்கிற சுருள் படிக்கட்டு, கச்சேரி நடக்கிற புல்வெளி, பழைய கோட்டையின் வாசல் என்று ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். ஆனால் இந்தக் குட்டி மேட்டில் ஏற ஒரு காலத்தில் மக்கள் பயந்தார்கள்.

இதன் மலாய்ப் பெயர் புக்கிட் லாராங்கான், விலக்கப்பட்ட மலை. 1819இல் ஆங்கிலேயர்கள் வந்திறங்கி மேலே ஏற நினைத்தபோது, உள்ளூர் மலாய்க்காரர்கள் வர மறுத்தார்கள். மேலே பழைய அரசர்களின் அரண்மனை இருந்தது, ஆளே இல்லாமல் முரசுச் சத்தம் கேட்கிறது என்றார்களாம். கடைசியில் மலாக்காவிலிருந்து வந்தவர்கள்தான் பீரங்கியை இழுத்துக்கொண்டு ஏறினார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா.

அந்தப் பயத்தை வெறும் பேய்க்கதை என்று தள்ளிவிட முடியாது. 1928இல் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது தங்க நகைகள் கிடைத்தன. கீர்த்திமுகம் பொறித்த கைவளை அதில் ஒன்று. 1984இல் ஜான் மிக்சிக் தலைமையில் தொடங்கிய அகழாய்வில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் வெளிவந்தன. ஆக, மேலே அரசர்கள் இருந்தார்கள் என்ற நினைவை ஐநூறு வருஷமாக வாய்வழியே காப்பாற்றி வந்தவர்கள், மலையேற மறுத்த அந்த மனிதர்கள்தான். ராஃபிள்ஸ் வந்த பிறகுதான் இந்த ஊருக்கு வரலாறே ஆரம்பித்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இங்கே ஒரு நடை வந்து போகலாம்.

பிறகு பெயர்கள் மாறின. ராஃபிள்ஸ் உச்சியில் வீடு கட்டிக்கொண்டதும் இது அரசாங்க மலை ஆனது. 1859இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது கேனிங் பெயர் வந்தது. யார் இந்த கேனிங்? 1857 கிளர்ச்சியின்போது இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது. 1867இல்தான் நேரடியாக லண்டனின் கீழ் போனது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் சிறை, மலையடிவாரத்திலேயே பிராஸ் பாசா பக்கம் இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியது அந்தக் கைதிகளின் உழைப்பு. தாங்கள் விட்டு வந்த தேசத்தை ஆண்டவரின் பெயர் தலைக்கு மேலேயும் வந்து உட்கார்ந்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

போன முறை கூட வந்த நண்பனுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. "அந்தக் கல்லு நம்ம சோழனோடதுதானேடா?" என்றான். மலையடிவாரத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சிங்கப்பூர்க் கல்லைத்தான் சொன்னான். சுமார் மூன்று மீட்டர் உயரப் பாறை, 50 வரி எழுத்து. ஆற்று முகத்துவாரத்தில் நின்ற அதை 1843இல் ஆங்கிலேயர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது கண்ணாடிக்குள் இருப்பது தப்பிப் பிழைத்த ஒரு துண்டு. அதிலுள்ள சில எழுத்துகள் பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். அது ஒரு கருதுகோள். எழுத்து இன்னும் முழுசாகப் படிக்கப்படவில்லை. ஆனால் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் அது ராஜேந்திர சோழனின் கல்வெட்டு என்று எப்போதோ தீர்ப்பாகிவிட்டது.

எனக்கு இதில் சங்கடம் உண்டு. சோழனைக் கண்டுபிடித்தால்தான் இந்த மண்ணில் நமக்கு இடம் என்று ஏன் நினைக்கிறோம்? அடிவாரச் சிறையில் கிடந்த கைதியும் கடல் தாண்டி வந்தவன்தான். அவனைச் சொந்தம் கொண்டாட மட்டும் யாருக்கும் அவசரமில்லை.

அப்துல்லா அந்தக் கல்லையும் பார்த்திருக்கிறார். அவருடைய முன்னோர்களில் அரேபியரும் உண்டு, தமிழரும் உண்டு. மலாக்காவில் சிறுவயதிலேயே தமிழ் படித்தவர். அவர் நினைத்திருந்தால் கல் எங்கள் பாட்டி வழிச் சொத்து என்று எழுதியிருக்கலாம். அவரோ, ஒருவர் இந்து எழுத்து என்றார், இன்னொருவர் சீனம் என்றார், தனக்கோ அரபு போலத் தெரிந்தது, யாராலும் படிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு, அதை உடைத்ததற்காக வருத்தப்படுகிறார். யாருடையது என்று தெரியாத ஒன்றுக்காக அவரால் வருந்த முடிந்தது. நமக்கு அது முதலில் நம்முடையதாக வேண்டியிருக்கிறது.

கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே மலையும் ஏறிவிடுங்கள். இறங்கும்போது பிராஸ் பாசா பக்கமாக இறங்குங்கள்.