டாக்டர் பட்டம் பெறாத பேராசிரியை

ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு அறிவும் ஆர்வமும் மட்டும் போதுமா? போதா. செலவுக்குப் பணம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டும். இதற்கு எலன் சர்ச்சில் செம்பிள் அம்மையாரின் வரலாறு நல்ல சான்றாகும்.

இவர் 1863-இல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். 19-ஆம் வயதில் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார், 1891-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அக்காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ராட்செல் என்னும் பேரறிஞர், நிலத்திற்கும் மக்கள் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மானிடப் புவியியலைக் கற்பித்து வந்தார். அவரிடம் பயிலச் செம்பிள் கடல் கடந்து சென்றார்.

வசதியான குடும்பமாதலால் உதவித்தொகை எதையும் அவர் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பெண்களை மாணவராகப் பதிவு செய்துகொள்ளப் பல்கலைக்கழக விதிகள் இடந்தரவில்லை. ஆண்களிடமிருந்து தனியே அமர்ந்து விரிவுரைகளைக் கேட்கலாம், அவ்வளவே. 1895-இல் மீண்டும் அங்குச் சென்று பயின்றார். அப்போதும் பட்டம் கிட்டவில்லை.

அவர் மனம் தளரவில்லை. கென்டக்கி மலைப்பகுதியில் குதிரையேறிச் சுற்றி மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். மலைகள் வெளியுலகத் தொடர்பைத் தடுத்ததால் பழைய பேச்சும் பழக்கங்களும் அங்கு நிலைத்தன என்று 1901-இல் எழுதிய கட்டுரை அவருக்குப் புகழ் தந்தது. 1911-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. 1921-இல் அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அதே ஆண்டில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய புவியியல் உயர்கல்விப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். தமக்கு மறுக்கப்பட்ட உயர் பட்டத்திற்கு மற்றவர்களை ஆயத்தம் செய்தார்! 1923-இல் கென்டக்கி பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1932-இல் அவர் காலமானார்.

நிலமே மனிதனை உருவாக்குகிறது என்ற அவரது கொள்கை நிலைக்கவில்லை. நிலத்தின் தோற்றத்தை மாற்றியமைப்பது மக்களின் பண்பாடே என்று 1925-இல் கார்ல் சாவர் வாதிட்டார். செம்பிளின் வாழ்க்கையும் ஒருவகையில் இதைத்தான் காட்டுகிறது. கடலும் மலையும் அவர் கல்வியைத் தடுக்கவில்லை. மனிதர் வகுத்த விதியே தடுத்தது. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றவும் முடியும். 1906 முதல் லைப்சிக்கில் பெண்களும் முறையான மாணவராயினர்.