பெயரை மாற்றினால் பொருந்தக் கூடாது

புனேக்கு வேலைக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் அலுவலக வேலை. விருதுகளுக்கு விண்ணப்பம் எழுதுவதும் என் தலையில்தான். முதல் தடவை 'அன்பான உபசரிப்பு', 'ஈடு இணையற்ற சுவை', 'விருந்தினரே தெய்வம்' என்று மூன்று பக்கம் நிரப்பி அனுப்பினேன். முதல் சுற்றிலேயே கழித்துவிட்டார்கள். நடுவர்களில் ஒருவரைப் பிறகு பார்க்க நேர்ந்தது. "ஹோட்டல் பெயரை மட்டும் மாற்றினால் இது எந்த ஹோட்டலுக்கும் பொருந்துமே" என்றார்.

அன்று சாயங்காலம் பெர்குசன் கல்லூரிச் சாலையில் உள்ள வைஷாலிக்குப் போனேன். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்று காத்திருக்கிற கடை அது. இடம் கிடைத்து உட்கார்ந்ததும், இந்தக் கடைக்கு விண்ணப்பம் எழுதினால் என்ன எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

முதலில் பெயரை எழுதுவேன். வைஷாலிக்குப் பழைய பெயர் 'மெட்ராஸ் ஹெல்த் ஹோம்'. அதே சாலையில் இருக்கும் ரூபாலி அன்று 'கஃபே மெட்ராஸ்'. இரண்டையும் வளர்த்த ஜகன்னாத் ஷெட்டி மெட்ராஸ்காரர் அல்ல. தென்கன்னடத்திலிருந்து பதின்வயதிலேயே கிளம்பி, உறவினர் ஹோட்டலில் தொழில் கற்றவர். 2020 ஜூலையில் காலமானபோது வயது 88. அந்தப் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் ஏறிய ஏணி இது: பாத்திரம் கழுவுவது, மாவு ஆட்டுவது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது, கடைசியில் சொந்தக் கடை. மும்பை மாதுங்காவில் 1942-இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி போர்டிங்கும் சென்னையில் கே. கிருஷ்ணராவின் உட்லண்ட்ஸும் இந்த மரபில் வந்தவைதான்.

பலகையில் மட்டும் ஏன் மெட்ராஸ்? அன்றைய மராத்திக்காரருக்குத் தம் ஊருக்குத் தெற்கே இட்லி தின்கிற எல்லாரும் மதராசிதான். இரானி கடைகளின் பன் மஸ்காவுக்குப் பழகிய ஊர் இது. டெக்கான் ஜிம்கானா பகுதியில் குட்லக் கஃபே 1935-லிருந்தே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பலகையில் 'மெட்ராஸ்' என்று எழுதினால் உள்ளே என்ன கிடைக்கும் என்று தெருவில் போகிறவருக்குப் புரிந்துவிடும். பிறகு ஊர் கடையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்று அங்கே தோசைக்குச் சமமாகப் பெயர் பெற்றது எஸ்பிடிபி, அதாவது சேவ், உருளைக்கிழங்கு, தயிர் போட்ட பூரி. என் முன்னால் வந்த சாம்பாரிலும் இனிப்புதான் முந்தியது. இதில் ஒரு வரியைக்கூட வேறு கடைக்குத் தூக்கி வைக்க முடியாது.

நாமே நமக்கு விண்ணப்பம் போடுவது புது வழக்கம். மிஷெலின் கையேடு 1926-இல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. ஆய்வாளர் யாரென்று சொல்லாமல் வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போவார். அதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் ஆற்றுப்படை இருந்தது. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், பசித்து வருகிற பாணனிடம் வழி சொல்கிற பாட்டு. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பொதுவாகப் புகழ்ந்து விட்டுவிடவில்லை. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் வேட்டுவர் வீட்டுப் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெள்ளைச் சோற்றோடு நண்டு என்று ஊருக்கு ஊர் என்ன கிடைக்கும் என்கிறார். கடைசியில் அரசன் பக்கத்தில் நின்று தானே ஊட்டுவான் என்கிறார். என் மூன்று பக்கத்தில் சாப்பிட்டவன் குரலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வருடம் வேறு மாதிரி எழுதினேன். ஒரு ஜூலை மழையில் ரயில் ஓடாமல் நின்றுபோன ராத்திரி, மூடிய சமையலறையை மூன்று மணிக்குத் திறந்து நாற்பது பேருக்கு உப்புமா கிண்டினார் எங்கள் சமையல்காரர். அன்று சாப்பிட்ட ஒரு பெண்மணி எழுதிய கடிதத்தையும் இணைத்தேன். அனுப்புவதற்கு முன் சமையல்காரருக்கு மராத்தியில் படித்துக் காட்டினேன். 'ரவை தீர்ந்ததும் போஹா செய்தார்' என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்லை சாஹேப். ரவை இருந்தது. வெங்காயம்தான் தீர்ந்துபோச்சு. கடைசிப் பத்துப் பேருக்கு வெங்காயம் இல்லாமல்தான் போட்டேன்."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.