கரு தங்கும் இடமும் நேரமும்: ஒரு கல்கத்தா டாக்டரின் 53 நாட்கள்

எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் "தங்கல". "ரெண்டு தடவ உண்டாச்சு, தங்கல" என்பார்கள். அப்புறம் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வரச் சொல்வார்கள். அந்தச் சொல்லில் ஒரு உண்மை இருக்கு. கரு உண்டானால் மட்டும் போதாது, அது தங்க ஒரு இடம் வேணும். ஆனா ஊர் அதை "இவ வயித்துல தங்க மாட்டேங்குது" என்று மாற்றிக்கொள்கிறது. பழி முழுக்க அந்தப் பெண் மேல். இடத்தைவிட நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை நம்ம நாட்டு டாக்டர் ஒருவர் 1978லேயே செய்து காட்டியிருக்கிறார். அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. கருப்பையின் உள்படலத்தை டாக்டர்கள் எண்டோமெட்ரியம் என்பார்கள். மாதாமாதம் வளர்ந்து, உதிர்ந்து, மறுபடி வளரும். முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இதைக் கருவை ஏற்கத் தயார் செய்கிறது. இந்தத் தயார்நிலை சில நாள்தான். 1950ல் நாய்ஸ், ஹெர்டிக், ராக் என்ற மூன்று அமெரிக்க டாக்டர்கள், உள்படலத்தின் ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே அது சுழற்சியின் எந்த நாள் என்று சொல்லும் முறையை வெளியிட்டார்கள். அதாவது, உள்படலத்துக்கென்று ஒரு காலண்டர் இருக்கு.

இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் சோதனைக் குழாய் குழந்தைக்கு முயன்றபோது இந்தக் காலண்டரில்தான் முட்டிக்கொண்டார்கள். ஹார்மோன் ஊசி போட்டால் நிறைய முட்டை கிடைக்கும். ஆனா அதே ஊசி உள்படலத்தின் கணக்கையும் கலைத்துவிடும். வைத்த கரு எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் ஊசியை விட்டுவிட்டு, இயற்கையாக வரும் ஒரே ஒரு முட்டையை எடுத்தார்கள். 1978 ஜூலை 25ல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள்.

அதே பிரச்சினைக்கு சுபாஷ் முகோபாத்யாய் வேறு வழி கண்டார். ஊசி போட்டு முட்டைகளை எடுத்தார், வெளியே கருவாக்கினார். ஆனா அந்தச் சுழற்சியில் வைக்கவில்லை. கருவை உறைய வைத்தார், 53 நாள். பிறகு இயற்கையாக வந்த வேறொரு சுழற்சியில், உள்படலம் தன் போக்கில் தயாரான சமயத்தில் உள்ளே வைத்தார். எங்க தொழில்ல இதை சிங்க் பிரச்சினை என்போம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரெடி ஆகலைன்னா, முந்தினதை நிறுத்தி வைத்துவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கணும். 1978 அக்டோபர் 3ல், லூயிஸ் பிறந்து 70 நாள் கழித்து, கல்கத்தாவில் துர்கா பிறந்தாள்.

அடுத்து நடந்தது வேதனை. மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. இந்தத் துறையில் அனுபவமுள்ளவர் ஒருவர்கூட அதில் கிடையாது. அவர் சொன்னதை நம்ப முடியாது என்று முடித்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் இருந்து வந்த அழைப்புக்கும் போக விடவில்லை. 1981ல் ஹார்மோன் ஆராய்ச்சியாளரான அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு ஜூன் 19ல் தற்கொலை செய்துகொண்டார். வயது 50.

1986ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று பதிவானது. அதன் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார். 1997ல் முகோபாத்யாயின் குறிப்புகள் கைக்கு வந்தபோது, முதல் பெருமை தனக்கல்ல, அவருக்கே என்று கரண்ட் சயின்ஸ் இதழில் தானே எழுதினார். தன் பேரில் இருந்த "முதல்" பட்டத்தைத் தானே எடுத்துக் கொடுப்பவர் எத்தனை பேர்? உறைய வைத்து, வேறொரு சுழற்சியில் வைக்கும் முறை இன்று உலகம் முழுக்க வழக்கம்.

சரி, அடிக்கடி கலைவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1999ல் வில்காக்ஸ் குழுவின் ஆய்வைப் பாருங்கள். முட்டை வெளியாகி 9ஆம் நாளுக்குள் ஒட்டிய கருக்களில் 13 சதவீதம் ஆரம்பத்திலேயே போய்விட்டன. 10ஆம் நாளில் ஒட்டியவற்றில் 26, 11ஆம் நாளில் 52, அதற்கும் பிறகு 82. தாமதமாக வரும் கருவுக்கு உள்படலம் இடம் தருவது குறைவு.

இன்னொரு கோணமும் இருக்கு. உள்படலம் ஒரு காவலாளி என்கிறார்கள் பிரிட்டனின் ஜான் பிரோசன்ஸ் போன்றவர்கள். நல்ல கருவை ஏற்று, பழுதானதை ஆரம்பத்திலேயே தடுப்பது அதன் வேலை. அடிக்கடி கலையும் சில பெண்களுக்கு இந்தக் காவல் தளர்ந்திருக்கலாம். நிலைக்க முடியாத கருவையும் உள்ளே விட்டுவிடுகிறது, அது சில வாரம் கழித்துக் கலைகிறது. இது இன்னும் கருதுகோள்தான். ஆனா "தங்கல" என்று நாம் சொல்லும் இடத்தில், தேவைக்கு மேல் தங்க வைத்ததே பிரச்சினையாக இருக்கலாம் என்பது யோசிக்க வைக்கிறது.

ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் பிழையால் நடக்கிறது. மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ அல்ல. நம் நாட்டில் காசநோய் கருப்பை வரைக்கும் போய் உள்படலத்தைத் தழும்பாக்குவதும் உண்டு. இருமலே இல்லாமல் வரலாம், சோதித்தால்தான் தெரியும். இரண்டு முறை கலைந்தாலே கணவன், மனைவி இருவரையும் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். மூன்று முறை கலைந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிறகு குழந்தை பிறக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், மனசுக்குத் தெம்பு வேணும். ஆனா "ராசியில்லாதவ" என்ற பேச்சை மட்டும் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.