தோற்ற நாட்டின் படையைக் கலைத்தால் என்ன ஆகும்? திப்புவின் சிப்பாய்கள் முதல் இராக் வரை

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் இருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினால், இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய கோட்டையின் மிச்சம் நிற்கும். 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் படை பிடித்த கோட்டை அது. எட்டு வருஷம் கழித்து, 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் போரில் இறந்தார்.

திப்புவின் கதை எல்லோருக்கும் தெரியும். அவருக்காகச் சண்டை போட்ட சிப்பாய்கள் என்ன ஆனார்கள்?

படை எப்படிக் கலைந்தது?

ஐந்து வயது மும்மடி கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்தியது கிழக்கிந்திய கம்பெனி. 1799 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது. அதன்படி மைசூரைப் பாதுகாக்கப் போவது கம்பெனியின் படை. அதற்கு மைசூர் வருஷத்துக்கு 7 லட்சம் வராகன் கட்ட வேண்டும். திப்புவின் பெரிய படைக்கு இனி வேலை இல்லை.

பெரிய தளபதிகளுக்கு ஓய்வூதியமும் ஜாகீரும் கிடைத்தன. கமருதீன் கானுக்கு குர்ரம்கொண்டா ஜாகீர். திப்புவின் நிதி அதிகாரியாக இருந்த பூர்ணையாவே புதிய அரசின் திவான் ஆனார். அவர் குதிரைப்படையின் ஒரு பகுதியை வேலையில் வைத்துக்கொண்டார். அந்தப் படைதான் 1803 மராத்தியப் போரில் கம்பெனி பக்கம் நின்று சண்டை போட்டது.

சாதாரண சிப்பாய்களில் பலருக்கு இந்த வழி இல்லை. சம்பளம் நின்றுபோச்சு. தெரிந்த தொழில் சண்டை மட்டும்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் இருந்து வெளியே வந்த தோண்டியா வாக், வேலை இழந்த வீரர்களைச் சேர்த்துக்கொண்டு பெதனூர் பக்கம் கிளம்பினார். 'இரு உலகங்களின் அரசன்' என்று பட்டமும் சூட்டிக்கொண்டார். அவரை அடக்க ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. 1800 செப்டம்பர் 10-ல் கோணகல்லில் அவரைத் தோற்கடித்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே ஆள்.

திப்புவின் மகன்களை கம்பெனி வேலூர் கோட்டையில் வைத்திருந்தது. அவர்களைப் பின்தொடர்ந்து மைசூர்க்காரர்கள் பலர் அந்த வட்டாரத்தில் குடியேறினார்கள். பழைய சிப்பாய்கள் சிலர் கம்பெனி படையிலேயே சேர்ந்தார்கள். 1806 ஜூலை 10-ல் வேலூர் புரட்சி வெடித்தது. உடனடிக் காரணம் புதுத் தலைப்பாகையும், தாடி, சமயக் குறிகள் மீதான கட்டுப்பாடும்தான். ஆனால் கோட்டையில் ஏறியது திப்புவின் புலிக்கொடி. நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள்; பதிலடியில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

உலகம் என்ன செய்தது?

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில், ராணுவ, கடற்படை அமைச்சகங்கள் 1945 டிசம்பரில் படைக்கலைப்பு அமைச்சகங்களாக மாற்றப்பட்டன. வெளிநாடுகளில் சிக்கிய வீரர்களை ஊர் திருப்புவது அவற்றின் பெரிய வேலை. ஜெர்மனியின் படையை நேச நாடுகள் 1946 ஆகஸ்டில் சட்டம் போட்டு முறைப்படி கலைத்தன.

இராக்கில் வேறு கதை. 2003 மே 23-ல் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர், ஒரே உத்தரவில் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தெருவில் போராட்டம் நடந்த பிறகுதான் உதவித்தொகை அறிவிப்பு வந்தது. முன்னாள் அதிகாரிகள் பலர் ஆயுதக் குழுக்களுக்குப் போனார்கள், பின்னாளில் ஐ.எஸ். அமைப்பின் தலைமையிலும் அவர்கள் இருந்தார்கள்.

இதில் இருந்து என்ன புரிகிறது?

படையைக் கலைக்க ஒரு கையெழுத்து போதும். வீட்டுக்குப் போகும் சிப்பாய்க்கு அடுத்த மாசம் சோறு எங்கிருந்து வரும் என்பதுதான் கஷ்டமான கேள்வி. பூர்ணையா வேலை கொடுத்த குதிரைவீரர்கள் புதிய அரசோடு நின்றார்கள். வேலை கிடைக்காதவர்களைத் தோண்டியா வாக் சேர்த்துக்கொண்டார்.