மேட்டு நகரத்தில் வெள்ளம்

2022 செப்டம்பர் 4 இரவு பெங்களூரில் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் பெள்ளந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கத்து ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். அதே மழையில் மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியிலிருந்து பெங்களூருக்குக் காவிரி நீரை அனுப்பும் நீரேற்று நிலையமும் மூழ்கியது. வெள்ளம் சூழ்ந்த பெங்களூரில் பல பகுதிகளுக்குக் குடிநீர் வரவில்லை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில், பேராறு எதுவும் ஓடாத ஊர் இது. மேற்கே விழும் மழை விருஷபாவதியில் இறங்கி அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. இப்படி இரு பக்கமும் சரியும் மேட்டில் தண்ணீர் தங்காது. தங்க வைக்க வேண்டும்.

1537-இல் ஊரை நிறுவிய கெம்பேகவுடா காலத்திலிருந்தே அதற்கு ஏரிகள் வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழிந்து, ராஜகாலுவே என்ற கால்வாயில் ஓடி அடுத்த ஏரியில் விழும். மதகைத் திறப்பதும், வயலுக்கு முறைவைத்துப் பாய்ச்சுவதும் ‘நீர்கண்டி’யின் வேலை. நம்மூர் மடைக்காரருக்கு இருந்த அதே பொறுப்பு. தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகமான திகளர்கள் சம்பங்கி ஏரியை நம்பிக் காய்கறி பயிரிட்டார்கள்.

குழாய்த் தண்ணீர் வந்தது. 1894-இல் ஹெசரகட்டா, 1974-இல் காவிரி. ஏரி வெறும் காலிமனையாகத் தெரியத் தொடங்கியது அப்போதுதான். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. கோரமங்களா ஏரியில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கான குடியிருப்பு எழுந்தது. சம்பங்கி ஏரி கண்டீரவா மைதானமானது. அதில் ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைக் காத்தது திகளர்களின் கரகத் திருவிழா. கரகச் சடங்குக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அரசாணைகள் காக்காத ஏரியின் ஒரு துண்டை ஒரு வழிபாடு காத்தது.

நீர்கண்டிக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடைக்கவில்லை. வயல் போனதும் தொழில் போனது. கால்வாயில் அடைப்பு எங்கே, கரை எங்கே பலவீனம் என்று மழைக்கு முன்பே பார்க்கும் கண்களும் போயின. 2022 வெள்ளத்துக்குப் பிறகு கால்வாய் ஆக்கிரமிப்புகளை இடிக்க வந்த மாநகராட்சி அதிகாரிகள், காணாமல்போன ராஜகாலுவேக்களைப் பழைய வருவாய்த்துறை கிராம வரைபடங்களில்தான் தேடினார்கள்.